யானுஸ் க்ரூட்டர்: ஹைடல்பர்க் நூலகர்

அவையோர்க்கு வணக்கம். க்ரூட்டர் என்றதும் ஹைடல்பர்க் நூலகம் பறிபோன கதையைத்தான் பலரும் சொல்வார்கள். அதற்கு முன் அவர் செய்த வேலையைப் பார்ப்போம்.

1560இல் ஆண்ட்வெர்ப்பில் பிறந்தவர். கேம்பிரிட்ஜிலும் லெய்டனிலும் படித்து, 1602இல் ஜெர்மனியிலுள்ள ஹைடல்பர்க்கின் பாலட்டினா நூலகப் பொறுப்பை ஏற்றார். அதே சமயத்தில் அச்சேறியது அவருடைய ரோமானியக் கல்வெட்டுத் தொகுப்பு. ஏறத்தாழ 12,000 கல்வெட்டுகள்! பெரும்பாலானவை அவர் நேரில் பார்க்காதவை. பிறர் எடுத்த படிகளிலிருந்து சேர்த்தவை. படியெடுத்தவர் ஓர் எழுத்தை விட்டால் பிழை அப்படியே அச்சில் ஏறும். இத்தாலியக் கட்டடக் கலைஞர் பிரோ லிகோரியோ புனைந்த பொய்க் கல்வெட்டுகளும் இப்படித்தான் நுழைந்தன. போலி என்று தெரிந்தவற்றையோ க்ரூட்டர் கடைசியில் தனிப்பகுதியாக அச்சிட்டார். அது மிகச் சரியான முடிவு. விட்டுவிட்டால், அதே படி கையில் கிடைக்கும் அடுத்தவர் புதிய கண்டுபிடிப்பு என்று எடுத்துக்கொள்வார்.

இத்தனை கல்வெட்டுகளில் வேண்டியதைத் தேடுவது எப்படி? படைவீரன் ஒருவன் ஒரு தெய்வத்துக்கு நட்ட கல் இருக்கிறது. அதைத் தெய்வங்கள் பகுதியில் வைத்தால், படைப்பிரிவைத் தேடுபவர் கண்ணில் படாது. இதற்காக லெய்டன் அறிஞர் ஜோசப் ஸ்கலிஜர் பத்து மாதம் உழைத்து 24 தேடல் அட்டவணைகள் செய்தார். தொகுப்புக்கு உயிர் கொடுத்தது அந்த உழைப்புதான் என்பேன். தேட உதவும் இன்னொரு வேலையும் உண்டு: ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் வரலாற்றை இன்று நாம் அத்தியாய எண் சொல்லி மேற்கோள் காட்டுகிறோமே, அந்தப் பிரிப்பு க்ரூட்டர் செய்தது.

1622இல், முப்பதாண்டுப் போரில், கத்தோலிக்கத் தளபதி டில்லியின் படை ஹைடல்பர்க்கைப் பிடித்தது. க்ரூட்டரின் சொந்த நூல்களும் சூறையில் போயின. பவேரியாவின் ஆட்சியாளர் மாக்ஸிமிலியன் பாலட்டினாவைப் போப்பாண்டவருக்குக் கொடுத்துவிட்டார். அதை எடுத்துப்போக ரோமிலிருந்து வந்தவர் வத்திக்கான் நூலக அறிஞர் லியோ அல்லாச்சி. சுமார் 3,500 சுவடிகள், அவற்றோடு பல்லாயிரம் அச்சு நூல்கள். ஆல்ப்ஸ் மலையைக் கோவேறு கழுதைகளில் கடக்க வேண்டும். எடையைக் குறைக்கப் பழைய நூற்கட்டு அட்டைகளைக் கழற்றச் செய்தார். பெட்டிகள் 196 ஆயின. ஆனால் யார் வைத்திருந்த நூல், எங்கே கட்டியது என்பதற்கான தடயங்கள் பெரும்பாலும் அட்டையிலும் அதன் உட்பக்கத்திலும்தான் இருக்கும். பல நூல்களுக்கு அந்தச் சான்று அத்தோடு அழிந்தது.

க்ரூட்டர் 1627இல் இறந்தார். 847 ஜெர்மன் சுவடிகள் 1816இல் ஹைடல்பர்க் திரும்பின. க்ரூட்டர் நூலகராக இருந்தபோது பிரெஞ்சு அறிஞர் சல்மாசியஸ் அங்கே கண்டெடுத்த கிரேக்கக் குறும்பாத் தொகுதியின் கதை வேறு. 1797இல் அது ரோமிலிருந்து பாரிஸ் போனது. பெரிய பகுதி மட்டுமே ஹைடல்பர்க் வந்தது. முழுச் சுவடியையும் பார்க்க விரும்புவோர் ஹைடல்பர்க்கில் கிரேக்கச் சுவடி 23ஐயும், பாரிஸில் கிரேக்கத் துணைச் சுவடி 384ஐயும் கேட்க வேண்டும்.