அடுப்பில் கால் நீட்டிய மோகினி

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஐயா அவர்களே, மூட்டுவலியையும் பொருட்படுத்தாமல் மாடிப்படி ஏறி வந்திருக்கும் தமிழாசிரியர் அம்மா அவர்களே, சினிமாக் கொட்டகை ஆபரேட்டர் அறையில் கார்பன் புகையோடு இளமையைக் கழித்த அண்ணன் அவர்களே, எனக்கு முன் பேசி என் நேரத்தில் பாதியை உரிமையோடு எடுத்துக்கொண்ட வழக்கறிஞர் அவர்களே, சுண்டல் வந்துவிட்டதா என்று வாசலையே பார்க்கும் நண்பர்களே, வணக்கம். நூலகர் அம்மாவுக்குத் தனி வணக்கம். மின்விசிறி ஓடுவது அவர் புண்ணியம்.

பழைய பேய்ப்படம், வேற்றுக்கிரகப் படம் பற்றி மூன்று செய்தி சொல்வதாக நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். அவற்றைப் பார்த்து ஏன் சிரிக்கிறோம், எப்படி எடுத்தார்கள், இன்றைய கம்ப்யூட்டர் பேய் ஏன் மனதில் ஒட்டவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அந்தக் காலத்துப் படமுதலாளிகள் பலருக்கு இந்தப் பழமொழிதான் மூலதனம். அமெரிக்காவில் வில்லியம் கேஸில் என்று ஒருவர். 1959இல் ‘தி டிங்ளர்’ படத்துக்காகத் தியேட்டரில் சில இருக்கைகளுக்கு அடியில் அதிரும் மோட்டாரைப் பொருத்திவிட்டார். திரையில் பூச்சி தப்பி ஓடும் நேரம் பார்த்து இங்கே நாற்காலி உதறும். அதே நாட்டில் எட் வுட் எடுத்த ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ படத்தில் நடிக்க வேண்டிய பேலா லுகோசி 1956இலேயே காலமாகிவிட்டார். வுட் என்ன செய்தார்? தன் மனைவிக்கு முதுகுவலி வைத்தியம் பார்த்தவரைக் கூட்டிவந்து, அங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கச் சொன்னார். வைத்தியர் லுகோசியைவிட உயரம் வேறு! படம் ஓடியது, இன்னும் ஓடுகிறது.

நாம் மட்டும் சளைத்தவர்களா? சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டுடியோ அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து 1952இல் எடுத்த ‘காடு’ படத்தில், நம் யானைகளுக்கே சடைமயிர் போர்த்தி ஆதிகால யானை ஆக்கினார்கள். 1963இல் ‘கலை அரசி’. வேற்றுக்கிரகத்துக்காரன் பறக்கும் தட்டில் வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறான். எதற்கு? அவன் கிரகத்தில் ஆடல் பாடல் தெரிந்த ஆள் இல்லையாம்! எம்.ஜி.ஆர். விடுவாரா, அங்கேயே போய் மீட்கிறார். விட்டலாச்சார்யாவின் ‘ஜெகன்மோகினி’ 1978. விறகுக்குப் பதில் அடுப்பில் காலை நீட்டிச் சமைக்கும் மோகினியை, இங்கே தலைநரைத்த யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸில் அந்தப் பாணியிலேயே ஒரு டப்பிங் படம். தரை டிக்கெட். முன்னால் இருப்பவன் தலை மறைக்கிறது என்று மணலைக் குவித்து ஆளுக்கொரு மேடை கட்டி உட்கார்ந்திருக்கிறோம். பொரிகடலை, சோடா, பீடிப்புகை, தூளியில் குழந்தை, எல்லாம் உண்டு. ஒற்றை புரொஜெக்டர், ரீலுக்கு ரீல் விளக்குப் போடுவார்கள். அன்றைக்கு ஆபரேட்டருக்கு என்ன யோசனையோ, கடைசி ரீலை நடுவிலேயே மாட்டிவிட்டார். சூலம் பாய்ந்து பேய் சாம்பலாகிவிட்டது. குடும்பம் ஒன்று சேர்ந்து கும்பிடுகிறது. ‘சுபம்’! ஜனம் எழுந்து வேட்டி மணலைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, விளக்கு அணைந்து அடுத்த ரீல் ஓடுகிறது. அதே பேய், அதே சிரிப்பு, ஊஞ்சலாடுகிறது. ஒரு இளவட்டம் கத்தினான்: “ஏய், செத்த பேய் எப்படிய்யா வந்துச்சு?” பின்னாலிருந்து ஒரு அப்பத்தா: “மனுசன் செத்தா பேயா வர்றான், பேய் செத்தா வராதாக்கும்? உக்காருடா, மறைக்குது!” கொட்டகையே உட்கார்ந்துவிட்டது. அத்தனை பேரும் மறுபடி பயந்தோம்.

(சிரிப்பு அடங்கட்டும். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.)

அந்தப் பேயை இன்றைக்கு எங்கே போய்ப் பார்ப்பீர்கள்? நான் பேச வந்ததே இதைத்தான். முதல் தமிழ்ப் பேசும் படம், 1931இல் வந்த ‘காளிதாஸ்’. அதன் பிரதி இன்று இல்லை. அதற்கும் முன்னால் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’, அதுவும் போயிற்று. புராணப் படத்துக்கே இந்தக் கதி என்றால், மட்டமான படம் என்று ஒதுக்கிய பேய்ப்படத்தை யார் எடுத்துவைப்பார்? வெள்ளி பிரிக்க எடைக்குப் போட்ட பிலிம் எத்தனையோ. மிஞ்சிய பிலிமும் வெக்கையிலும் ஈரத்திலும் கிடந்தால் தானாகவே புளித்துப்போகும். பெட்டியைத் திறந்தால் காடி வாடை அடிக்கும், சுருங்கும், உரியும். அதைத் தடுக்கக் குளிரூட்டிய, ஈரப்பதம் கட்டுப்படுத்திய அறை வேண்டும். மத்திய அரசு 1964லேயே புனேயில் திரைப்படக் காப்பகம் தொடங்கியது. நமக்கு அந்த மாதிரி ஒன்று தமிழ்நாட்டில் வேண்டாமா? சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸின் வாசல் வளைவு நிற்கிறது. அந்த வளைவோடு செல்ஃபி எடுத்தால் போதுமா?

செலவு, செலவு என்கிறார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், ஐயா! திட்ட மதிப்பீடு போடும் முன்பே பயந்தால் எப்படி?

மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. கம்ப்யூட்டர் பேய் எங்கும் ஓடிவிடாது, அடுத்த கூட்டத்தில் பிடித்துக்கொள்ளலாம். காப்பகம் கேட்டுக் கலைச் செயலாளருக்கு அனுப்பும் மனு வெளியே மேசையில் இருக்கிறது. பெயர், ஊர், கையெழுத்து போதும். வீட்டுப் பரணில் பழைய பிலிம் பெட்டி வைத்திருப்பவர்கள் வெயிலில் காயப்போட வேண்டாம், ஆபரேட்டர் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சுண்டல் மனு மேசைக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லியிருக்கிறேன். வணக்கம்.