அரியணை காலியாக இருந்த 27 ஆண்டுகள்

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம்.

உகாண்டா நாட்டுக்குள் இருக்கும் புகாண்டா என்ற பாரம்பரிய அரசு இன்றும் உயிரோடு இருப்பது அரியணையாலா, குலங்களாலா என்பது கேள்வி. குலங்களால்தான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், கபாகா எனப்படும் அரசர்தான் எல்லாவற்றுக்கும் மையம் என்றார். 1953இல் ஆங்கிலேய ஆளுநர் கபாகா இரண்டாம் முதேசாவை நாடு கடத்தியதையும், 1955இல் அவர் திரும்பி வந்தபோது மக்கள் கொண்டாடியதையும் உருக்கமாகச் சொன்னார். சரி, அவரைத் திரும்ப வரவழைத்தது யார்? லுகீகோ என்ற அவர்களுடைய மன்றமும், விடாமல் போராடிய மக்களும். அரசர் லண்டனில் இருந்தார். அந்த இரண்டு ஆண்டும் புகாண்டாவைத் தாங்கியவர்கள் ஊரில் இருந்தவர்கள்.

அதைவிடப் பெரிய சோதனை 1966 மே மாதம் வந்தது. உகாண்டாவை ஆண்ட ஒபோடே அனுப்பிய ராணுவம், இடி அமீன் தலைமையில், கபாகாவின் மெங்கோ அரண்மனையைத் தாக்கியது. கபாகா சுவரேறிக் குதித்துத் தப்பினார். மறு ஆண்டு புதிய அரசியல் சட்டம் நாட்டின் எல்லாப் பாரம்பரிய அரசுகளையும் ஒழித்தது. கபாகா 1969இல் லண்டனிலேயே இறந்தார். 1971இல் உடலைக் கொண்டுவந்து கசூபி அரச கல்லறையில் அடக்கம் செய்ய, அப்போது ஆட்சியைப் பிடித்திருந்த அமீன் அனுமதித்தார், அரசை மட்டும் திருப்பித் தரவில்லை. இன்றைய கபாகா இரண்டாம் முதேபி முடிசூடியது 1993 ஜூலை 31 அன்று. நடுவே 27 ஆண்டுகள். அரண்மனை ராணுவத்தின் கையில், லுகீகோ இல்லை, அரசரும் இல்லை. எதிரணி சொல்வதுபோல் அரியணைதான் உயிர் என்றால், புகாண்டா அப்போதே செத்திருக்க வேண்டாமா?

சாகவில்லை. ஏனென்றால் பிள்ளை பிறந்தால் குலப்பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு குலத்துக்கும் தனக்கென்று பெயர்கள் உண்டு, பெயரைச் சொன்னாலே குலம் தெரிந்துவிடும். வீட்டுத் தலைவர் இறந்தால் உறவெல்லாம் கூடி, சடங்கு செய்து, வாரிசை அமர்த்தினார்கள். இதற்கெல்லாம் அரண்மனை உத்தரவு தேவையில்லை. ராணுவம் அரண்மனையைப் பிடிக்கலாம், குழந்தைக்கு வைத்த பெயரை எப்படிப் பிடிக்கும்?

குலம் என்றதும் நமக்குச் சாதி நினைவுக்கு வரும். தயவுசெய்து அப்படி எண்ண வேண்டாம். சாதி தனக்குள்ளேயே பெண் எடுக்கச் சொல்கிறது, அங்கே சொந்தக் குலத்தில் பெண் எடுக்கவே கூடாது. அதனால் ஒவ்வொரு திருமணமும் இரண்டு குலங்களை இணைத்தே தீரும். அரசருடைய பிள்ளைகளுக்குத் தாயின் குலம். ஆக, அரசருக்கு வாழ்க்கைப்பட்ட எந்தக் குலத்துப் பெண்ணின் மகனும் கபாகா ஆகலாம், அரியணை எந்த ஒரு குலத்தின் சொத்தும் அல்ல. இந்த ஏற்பாட்டை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

மரப்பட்டைத் துணியைப் பாருங்கள். மழைக்காலத்தில் முதுபா மரத்தின் உள்பட்டையை உரித்து, வெட்டவெளிக் கொட்டகையில் வைத்து, வரிவரியாகக் கீறல் போட்ட மரச்சுத்தியலால் அடித்துக்கொண்டே இருப்பார்கள். அடிக்க அடிக்கப் பட்டை அகன்று, மெலிந்து, செம்மண் நிறத்தில் மெத்தென்ற துணியாகும். உரித்த மரத்தை வாழை இலையால் சுற்றி வைப்பார்கள், பட்டை மறுபடி வளரும். தலைமுறை தலைமுறையாக இது நீர்நாயைச் சின்னமாகக் கொண்ட குலத்தாரின் பொறுப்பு. முடிசூட்டிலும் இந்தத் துணி, சாவிலும் இந்தத் துணி. 2005இல் யுனெஸ்கோ பாராட்டியதும் அவர்கள் கைவிடாத இந்தத் தொழிலைத்தான்.

அப்புறம் கசூபி. கம்பாலாவில் ஒரு குன்றின் மேல் நான்கு கபாகாக்கள் அடங்கிய இடம், உலகப் பாரம்பரியச் சின்னம். அந்தப் பெரிய கூரை வீட்டுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் வட்டம் வட்டமாக வளையங்கள் தெரியும். மொத்தம் 52, குலங்களைக் குறிப்பவை. அரசர்கள் கீழே உறங்க, கூரையைத் தாங்கி நிற்பவை குலங்கள்! 2010 மார்ச் 16 இரவு அது எரிந்தது. திரும்பக் கட்டும்போது புல் வேய்ந்தவர்கள் கொலோபஸ் குரங்கைச் சின்னமாகக் கொண்ட குலத்தார். அந்தக் கலை அவர்களுடையது. 2023இல் யுனெஸ்கோ கசூபியை ஆபத்தில் உள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலிலிருந்து எடுத்தது.

கட்டப் பணம்? புகாண்டாவின் பிரதம மந்திரி மையிகா ஊர் ஊராகப் போய் நன்கொடை திரட்டினார். கபாகாவின் பெயரைச் சொன்னதால்தானே கொடுத்தார்கள் என்று எதிரணி கேட்கும். உகாண்டாவின் 1995 அரசியல் சட்டத்தைப் படியுங்கள்: பாரம்பரிய அரசருக்கு விசுவாசம் காட்டவோ, காசு கொடுக்கவோ யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. வரி போட முடியாத அரசருக்கு மக்கள் தாங்களாக மனமுவந்து கொடுத்தார்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒன்றே ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும். 1993இல் முடிசூட அரசர் தயார். ஆனால் முடிசூட்டுச் சடங்கில் எந்தக் குலம் எங்கே நிற்பது, யார் எதைச் செய்வது என்பதையெல்லாம் அந்த 27 ஆண்டுகளும் நினைவில் வைத்திருந்தவர்கள் யார்?

நன்றி, வணக்கம்.