கண்ணாடிக் கூண்டுக்குள்ள 8 பேர்... ஆக்சிஜனைத் திருடினது யாரு?

[திரை கறுப்பு. மூச்சு வாங்குற சத்தம் மட்டும்.]

கதவு பூட்டியாச்சு. ஜன்னல் எல்லாம் சீல் வச்சாச்சு. உள்ள எட்டு பேர். நாளுக்கு நாள் காத்துல ஆக்சிஜன் குறைஞ்சுக்கிட்டே போகுது. ராத்திரி தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்திருக்கிறாங்க. படிக்கட்டு ஏறினா நாக்கு தள்ளுது. திருடன் உள்ளதான் இருக்கான், ஆனா அந்த எட்டு பேர்ல ஒருத்தன் இல்ல!

பூமி அழிஞ்சதுக்கு அப்புறம் பதினாறு வயசுப் பசங்க கண்ணாடிக் கூரைக்குக் கீழ பொழைக்கிற கதைன்னு நினைச்சீங்களா? அதான் இல்ல. அமெரிக்காவுல, அரிசோனா பாலைவனத்துல, ஆரக்கிள்னு ஒரு சின்ன ஊர் பக்கத்துல நிஜமா நடந்தது. பேரு பயோஸ்பியர் 2. "அப்ப ஒண்ணாம் நம்பர் எங்க?"ன்னு கேட்டா, நீங்க இப்ப உட்கார்ந்திருக்கீங்களே, இந்த பூமி, அதான்.

வரலாறு வேகமா சொல்லிடுறேன். டெக்சாஸ் கோடீஸ்வரர் எட்வர்ட் பாஸ் பணம் போட்டார். 3.14 ஏக்கர் கண்ணாடிக் கட்டடம். உள்ள மழைக்காடு, பாலைவனம், குட்டிக் கடல், சுமார் அரை ஏக்கர் வயல். மூடின கூண்டுக்குள்ளயே பயிர் விளைவிச்சு மனுஷன் பொழைக்க முடியுமான்னு பார்க்க, அந்த எட்டு பேரும் 1991 செப்டம்பர் 26 உள்ள போனாங்க, 1993 செப்டம்பர் 26 வெளிய வந்தாங்க. வரலாறு ஓவர்.

[வரைபடம்: ஆக்சிஜன் கோடு சரியுது.]

இப்ப கேஸுக்கு வருவோம். ஆரம்பத்துல ஆக்சிஜன் 20.9 சதவீதம், அதாவது நாம இப்ப சுவாசிக்கிற அளவு. பதினாறு மாசம் கழிச்சு சுமார் 14.5. லடாக்குல லே நகரம் இருக்கே, அதைவிட உயரமான மலையில குடியிருந்தா எப்படியோ அப்படி. மலை ஏறாமலே!

முதல் சந்தேகம்: ஓட்டை. யோசிச்சுப் பாருங்க, வெளிய 20.9, உள்ள 14.5. ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள வந்து ஆக்சிஜன் கூடியிருக்கணும். குறையாது. ஓட்டை இங்க நண்பன்!

ரெண்டாவது: அந்த எட்டு பேர். ஒரு மனுஷனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 0.84 கிலோ ஆக்சிஜன் போதும். எட்டு பேருக்கு ஏழு கிலோகூட வராது. தவிர, அவங்க சாப்பிடுறதை விளைவிக்கிற பயிரு அதே அளவு ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்துடும். வரவும் செலவும் சரி.

மூணாவது: மண்ணு. இங்கதான் முதல் குற்றவாளி மாட்டினான். பயிரும் மரமும் ரெண்டு வருஷம் செழிக்கணும்னு தொழு உரம், மக்கு எல்லாம் கலந்த கொழுத்த மண்ணைக் கொட்டி வச்சிருந்தாங்க. அதுல கோடானுகோடி நுண்ணுயிர். மக்கைத் தின்னு, ஆக்சிஜனை இழுத்து, கார்பன் டை ஆக்சைடை விடும். புதுசா நட்ட செடிகளால அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க முடியல.

கேஸ் முடிஞ்சுதா? இல்ல! இனிதான் எனக்குப் பிடிச்ச கட்டம். இதுக்காகத்தான் இந்த வீடியோவே.

நுண்ணுயிர் ஆக்சிஜனைத் தின்னா, கிட்டத்தட்ட அதே அளவு கார்பன் டை ஆக்சைடு காத்துல ஏறணும். குறைஞ்ச ஆக்சிஜன் ஆறு சதவீதத்துக்கு மேல. அப்படின்னா பத்து லட்சம் பங்கு காத்துல அறுபதாயிரம் பங்குக்கு மேல கார்பன் டை ஆக்சைடு இருக்கணும். இருந்தது குளிர்காலத்துல சில ஆயிரம். அறுபதாயிரம் நிஜமாவே இருந்திருந்தா அந்த எட்டு பேர் கதி என்னன்னு நான் சொல்ல வேண்டாம். கார்பன் உறிஞ்சுற கருவி ஒண்ணு உள்ள இருந்துச்சு, அது பிடிச்சதைச் சேர்த்தாலும் கணக்கு உதைக்குது. மிச்சம் எங்க போச்சு?

[கண்ணாடி டம்ளர், தெளிவான தண்ணி, ஒரு ஸ்ட்ரா.]

ஸ்கூல்ல சுண்ணாம்பு நீர்ல ஸ்ட்ரா வச்சு ஊதியிருப்பீங்க. ஊத ஊத என்ன ஆகும்? பால் மாதிரி கலங்கும். உங்க மூச்சுல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்போட சேர்ந்து கால்சியம் கார்பனேட் ஆகுது. சுவத்துக்கு அடிச்ச வெள்ளை காஞ்சு இறுகுறதும் இதே வேலைதான். இப்ப அந்தக் கட்டடத்தைப் பாருங்க. சுவர், தூண், செயற்கைப் பாறைன்னு எங்க திரும்பினாலும் புது கான்கிரீட். புது கான்கிரீட்டுக்குள்ள கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம்ம நீத்த சுண்ணாம்பு, நிறைய இருக்கும். மண்ணு விட்ட கார்பன் டை ஆக்சைடைச் சுவரு சத்தமில்லாம குடிச்சுக் கல்லாக்கிடுச்சு. அதோட ஆக்சிஜனும் கல்லுக்குள்ள போய் மாட்டிக்கிச்சு. அந்த கார்பன் டை ஆக்சைடு காத்துல இருந்திருந்தா, என்னைக்காவது ஒரு இலை அதை எடுத்து ஆக்சிஜனைத் திருப்பியிருக்கும். சுவத்துக்குள்ள எந்த இலை போகும்?

கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்த ஜெஃப் செவரிங்ஹாஸ், வாலஸ் ப்ரோக்கர் குழுதான் கான்கிரீட்டைச் சோதிச்சு இதைக் கண்டுபிடிச்சாங்க. 1994-ல எழுதினாங்க. மண்ணு திருடுச்சு, சுவரு பதுக்குச்சு! எந்த வில்லனும் இவ்வளவு அழகா பிளான் போட மாட்டான். 1993 ஜனவரியில வெளியேருந்து ஆக்சிஜன் ஏத்த வேண்டியதாப் போச்சு.

கண்ணாடி நகரம் வச்சுக் கதை எழுதுற தம்பி தங்கச்சிகளே, குறிச்சுக்கோங்க. கான்கிரீட்டுக்கு முதல்லயே பூச்சு அடிச்சு மூடணும். 1994 மார்ச்சுல ரெண்டாவது குழு போறதுக்கு முன்னாடி அதைத்தான் செஞ்சாங்க. மண்ணுல மக்கை அளவா போடணும். செடி வளர வளர ஆளைக் கூட்டணும், முதல் நாளே ஊரைக் குடியேத்தக் கூடாது.

சாப்பாடு? உங்க ஹீரோ சும்மா ஒரு ரொட்டியைப் பிச்சுத் திங்கிறான் பாருங்க, அங்கதான் எனக்குச் சிரிப்பு வரும். உள்ள இருந்த ஜேன் பாய்ன்டர் கணக்குப்படி ஒரு பீட்சாவுக்கு நாலு மாசம்! கோதுமை விதைச்சு, அறுத்து, அடிச்சு, அரைச்சு, ஆட்டைக் கறந்து சீஸ் பண்ணி... டெலிவரி அரை மணி நேரம் லேட்டானா ஸ்டார் குறைக்கிறவங்க கவனிக்கவும். சக்கரவள்ளிக் கிழங்கைத் தின்னு தின்னு அவங்க கையெல்லாம் ஆரஞ்சு நிறமாச்சு. கிழங்குல இருக்கிற பீட்டா கரோட்டின் செஞ்ச வேலை. நம்ம மொச்சையும் அந்த வயல்ல இருந்துச்சு, விசில் அடிங்க.

கொண்டு போன முதுகெலும்புள்ள 25 வகை பிராணிகள்ல 19 அழிஞ்சுது. மகரந்தம் கடத்துற பூச்சிகளும் போச்சு. கொழிச்சது எறும்பும் கரப்பானும்தான். எட்டு பேரும் நாலு நாலா ரெண்டு கோஷ்டியாப் பிரிஞ்சாங்க, அதுக்குத் தனி வீடியோ வேணும்னா கமெண்ட்ல சொல்லுங்க.

[வட்டமான பெரிய கூடம். நடுவுல தொங்குற அலுமினியத் தட்டு.]

கடைசியா இது. வெயில்ல காத்து விரியும், ராத்திரி சுருங்கும், கண்ணாடி வெடிக்கும். அதனால ரெண்டு "நுரையீரல்" கட்டினாங்க. பெரிய ரப்பர் சவ்வு, நடுவுல பல டன் எடையுள்ள அலுமினியத் தட்டு. பகல்ல மேல ஏறும், குளிர்ந்தா கீழ இறங்கும். இன்னைக்கு அரிசோனா பல்கலைக்கழகம் அந்த இடத்தை நடத்துது, டிக்கெட் வாங்கி உள்ள போகலாம். நுரையீரல்லேருந்து வெளிய வர்ற கதவைத் திறந்தா, மேல இருக்கிற தட்டோட எடை காத்தை அமுக்கி உங்க முதுகுல தள்ளும். தொப்பி போட்டிருந்தா பிடிச்சுக்கோங்க.