அண்டாக் காபியும் ஒரு முழத் துணியும்

மேடையில் வீற்றிருக்கும் அறங்காவலர் குழுத் தலைவர் ஐயா அவர்களே, மாநகர மன்ற உறுப்பினர் அம்மா அவர்களே, நம் டர்பன் வட்டாரத்து ஃபீனிக்ஸிலிருந்தும் வெருலத்திலிருந்தும் சாட்ஸ்வொர்த் வரை இந்த மழையில் வந்து சேர்ந்த பெரியோர்களே, விடியற்காலையிலிருந்து அடுப்படியில் நிற்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம். எனக்கு முன்னால் இரத்த அழுத்தம் பற்றி விளக்கமாகப் பேசிய மருத்துவர் ஐயாவுக்குச் சபையின் சார்பில் நன்றி.

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். காபியில் இருக்கும் எண்ணெய். காஃபினும் நெஞ்சுப் படபடப்பும். ஆராய்ச்சிக்குக் காசு கொடுப்பவர் யார் என்பது. 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்ற பழமொழியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நார்வேயின் வடகோடியில் டிரோம்சோ என்று ஒரு பனி ஊர். காபி கூடக்கூடக் கொலஸ்ட்ராலும் கூடுகிறது என்று 1983இல் அங்கிருந்து ஓர் ஆய்வு வந்தது. மற்ற நாடுகளில் தேடினால் ஓரிடத்தில் தெரிகிறது, ஓரிடத்தில் தெரியவில்லை. எல்லாம் ஒரே காபிக்கொட்டைதானே? கொட்டை ஒன்றுதான், போடுகிற விதம் வேறு! அந்தப் பக்கத்து மக்கள் தூளைக் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவிட்டு, மண்டி அடியில் படிந்ததும் அப்படியே ஊற்றிக் குடித்தார்கள். 1989இல் நெதர்லாந்தில் ஒரு குழுவுக்குக் கொதித்த காபி, இன்னொரு குழுவுக்குக் காகிதத்தில் வடித்த காபி. கொதித்ததைக் குடித்தவர்களுக்குத்தான் ஏறியது. மறுவருடம் கொதித்த காபியின் எண்ணெய்ப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துப் பத்துப் பேருக்கு ஆறு வாரம் கொடுத்தார்கள். பத்துப் பேருக்கும் ஏறிவிட்டது! அந்த எண்ணெயில் இருக்கும் கஃபெஸ்டாலும் காவியோலும்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

இப்போது நம் கல்யாண வீட்டு அண்டாவுக்கு வாருங்கள். அதுவும் கொதித்த காபிதானே? எவர்சில்வர் ஃபில்டரின் துளை மண்டியை நிறுத்தும். எண்ணெயைக் காகிதம்போல் நிறுத்தாது. சுவீடனில் 2025இல் வெளியான அளவீட்டில், கொதித்த காபி லிட்டருக்கு 939 மில்லிகிராம் கஃபெஸ்டால். அதையே துணியில் வடித்ததும் 28! துணி நம் வீட்டுப் பொருள், தாய்மார்களே.

பத்து லிட்டர் தண்ணீருக்கு 600 கிராம் தூள், ரவைப் பதத்தில். மைதாபோல் அரைத்தால் துணி அடைத்துக்கொள்ளும். தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் பொறுத்துத் தூளைப் போட்டுக் கிளறி, நான்கு நிமிடம் மூடி வையுங்கள். பிறகு நெருக்கமான நெசவுள்ள பருத்தித் துணியில் வடியுங்கள். அவசரத்தில் துணியைப் பிழியாதீர்கள். தங்கிய எண்ணெயும் மண்டியும் காபிக்குள் இறங்கிவிடும். காபியை வடித்த பிறகுதான் பால் ஊற்ற வேண்டும். துணிக்குச் சோப்பு வேண்டாம். வெந்நீரில் அலசி வெயிலில் போடுங்கள். சிக்கு வாடை வந்தால் மாற்றிவிடுங்கள்.

காசு விஷயத்துக்கு வருகிறேன். 1967இல் அமெரிக்காவின் பெயர்பெற்ற மருத்துவ இதழில், இதய நோய்க்குச் சர்க்கரையைவிடக் கொழுப்பையே குற்றம் சொல்லி ஒரு கட்டுரை வந்தது. எழுதிய ஹார்வர்டு அறிஞர்களுக்குச் சர்க்கரை ஆலைகளின் அமைப்பு 6,500 டாலர் கொடுத்திருந்தது 2016இல்தான் ஊருக்குத் தெரிந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை! இங்கே தென்னாப்பிரிக்காவில் 2018இல் இனிப்புப் பானங்களுக்கு வரி வந்தபோதும் கரும்புத் தொழில்காரர்கள் வேலை போகும் என்று எதிர்த்தார்கள். 1860 முதல் அந்தக் கரும்பை வெட்டிய வமிசம் நாம். நம் வீட்டுச் சர்க்கரை நோயையும் அந்தக் கணக்கில் எழுத வேண்டாமா? ஐரோப்பியக் காபி நிறுவனங்களும் 1990இல் தங்கள் செலவில் காபி அறிவியல் தகவலுக்கென்று ஒரு நிலையம் தொடங்கின. அது சொல்வதெல்லாம் பொய் என்று நான் சொல்லவில்லை. தினம் மூன்று நான்கு கப் குடிப்பவர்களுக்கு இதய நோய் குறைவு என்று பல நாட்டு ஆய்வுகளில் தெரிகிறது. எப்படிப் போட்ட காபி, யார் உப்பு என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

மணி அடித்துவிட்டார்கள். காஃபின், பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200, அதற்கு மேல் போகக் கூடாது; மற்றதை மருத்துவர் ஐயாவிடம் கேளுங்கள். வாசலில் ஒரு முழத் துணிகள் வெட்டி வைத்திருக்கிறோம். அண்டாவுக்கு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காயும்போது இன்னொன்று வேண்டும்.