நெத்திலி, நண்டு, கட்டைவிரல்: இந்த வாரம் நடை இல்லை

வணக்கம் மக்களே. இன்றைக்கு நடை கிடையாது. தேவனாம்பட்டினத்தில், வழக்கமாக நான் நடக்க ஆரம்பிக்கிற இடத்திலேயே திண்டில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறேன். காரணம் இதோ, இந்தக் கால் கட்டைவிரல். கேமராவைக் கொஞ்சம் கீழே இறக்குகிறேன், பாருங்கள். இப்போது பரவாயில்லை. போன செவ்வாய்க்கிழமை பழுத்த தக்காளி மாதிரி இருந்தது.

ராத்திரி இரண்டு மணி. போர்வையின் ஓரம் விரலில் பட்டது, அவ்வளவுதான், எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எதிலாவது இடித்துக்கொண்டோமா என்று யோசித்தால் ஒன்றும் நினைவில்லை. ஃபேன் காற்று பட்டால்கூட எரிந்தது. வீட்டில் கேட்டாள், "தேள் கடித்துவிட்டதா?" மூன்றாவது மாடியில் தேள் எங்கிருந்து வரும்!

காலையில் டாக்டர் விரலைப் பார்த்தார். தொடக்கூட இல்லை. "ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டார். நண்டு வீடியோவைப் பார்த்தவர்களுக்கு பதில் தெரியும். நண்டு, அதற்குமுன் ஒரு தட்டு நெத்திலி வறுவல். வீடியோவில் வராத ஒன்றும் இருக்கிறது, மறைத்து என்ன ஆகப்போகிறது, சாயங்காலம் புதுச்சேரிப் பக்கம், கன்னியகோயில் தாண்டிப் போய் நண்பர்களோடு இரண்டு பீர். கடலூர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. யூரிக் ஆசிட்டுக்கு இதைவிட நல்ல விருந்து யாரும் வைக்க முடியாதாம். ரத்தத்தில் அது ஏறி மூட்டை வீங்க வைக்கிற நோயின் பெயர் கௌட்.

எழுதிக் கொடுத்தது கோல்சிசின், அரை மில்லிகிராம். இங்கேதான் கதை. மஞ்சக்குப்பத்தில் இரண்டு மெடிக்கல், இல்லை. பாரதி ரோட்டில் ஒன்று, "நாளைக்கு வரும்." நொண்டிக்கொண்டே ஆட்டோ பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் போனேன். அங்கே ஒரு கடையில், பெயர் வேண்டாம், "அது இல்லை, அதே மாதிரி இது இருக்கிறது" என்று வேறொரு வலி மாத்திரையை நீட்டினார்கள். எனக்கு ஏறியதே ஒரு கோபம்! பசிக்குச் சோறு கேட்டால் சுண்ணாம்பும் வெள்ளைதான் என்று கொடுப்பதா? ஐந்தாவது கடையில், லாரன்ஸ் ரோட்டுப் பக்கம், ஒரு பெரியவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இழுப்பறையைத் திறந்து ஓர் அட்டையை எடுத்து வைத்தார். பத்து மாத்திரை. நாற்பத்தி மூன்று ரூபாய். ஆட்டோவுக்கு நூற்று அறுபது! நாற்பத்தி மூன்று ரூபாய் மருந்துக்கு நூற்று அறுபது ரூபாய் வண்டி. இதை வீட்டில் நான்கு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், இனி உங்களிடமும் சொல்வேன்.

நான் ஏன் இதையெல்லாம் வீடியோவாகப் போடுகிறேன் என்றால், போன புதன்கிழமை குறும்பதிவில் விரலைக் காட்டினேன் அல்லவா, அதற்குக் கீழே ஒருவர் எழுதியிருந்தார்: "அண்ணா, அந்த மாத்திரையே நம்ம செங்காந்தள் கிழங்கிலிருந்துதான் எடுக்கிறார்கள். காசு கொடுக்காதீங்க, கிழங்கை அரைத்துக் குடியுங்கள்." அதற்கு அறுபத்து நான்கு பேர் லைக். நீக்கிவிட்டேன்.

பாதி உண்மை இருப்பதுதான் பிரச்சினை. செங்காந்தள் நம் மாநிலப் பூ. விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள், கலப்பை மாதிரி இருப்பதால் கலப்பைக்கிழங்கு என்றும் பெயர். திண்டுக்கல், கரூர், திருப்பூர் பக்கம் இதைப் பயிராகவே போட்டு விதையை மருந்து கம்பெனிகளுக்கு விற்கிறார்கள், அதில் கோல்சிசின் இருப்பதால். அதுவரை சரி. ஆனால் மாத்திரையில் இருப்பது அளந்த அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கும் என்பது அந்தக் கிழங்குக்கே தெரியாது. அதிகமானால் முதலில் வாந்தி, வயிற்றுப்போக்கு. தேறிவிட்டோம் என்று நினைக்கிற நேரத்தில் எலும்பு மஜ்ஜை, சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் படுக்கும். பிழைத்தவர்களுக்கு முடி கொட்டும். தமிழ்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு இது புதிதல்ல, தற்கொலைக்குத் தின்கிற கிழங்கு இது. எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

சரி, விரலுக்கு வருவோம். யூரிக் ஆசிட் மூட்டுக்குள் ஊசி ஊசியாகப் படிகமாகிறது. வெள்ளை அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன, முடியவில்லை, உடனே இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற ஒன்று வெளியே வந்து இன்னும் ஆட்களைக் கூப்பிடுகிறது. கூட்டம் சேர்ந்து அடிதடி. தமிழில் இதற்கு அழற்சி என்று பெயர். அழல் என்றால் நெருப்பு. என் விரலைப் பார்த்துத்தான் யாரோ பெயர் வைத்திருக்க வேண்டும். கோல்சிசின் என்ன செய்கிறது? வெள்ளை அணுவுக்குள் டியூபுலின் என்ற புரதம் கோர்த்துக் கோர்த்து நுண்குழாய்களாக நிற்கும், பந்தல் மூங்கில் மாதிரி. கோல்சிசின் போய் டியூபுலினைப் பிடித்துக்கொண்டால் பந்தல் நிற்காது. வெள்ளை அணுவால் சண்டைக்கு ஓட முடியாது. இரண்டாம் நாள் போர்வை பட்டும் நான் தூங்கினேன்.

மாத்திரையின் வயதைக் கேளுங்கள். பிரான்சில் பெல்லெட்டியேவும் கவாந்தூவும் 1820-இல் வேறொரு செடியிலிருந்து பிரித்தெடுத்தது. அதே வருடம் அதே இரண்டு பேர்தான் க்வினைனும் எடுத்தார்கள், மலேரியாவுக்கு. என்ன வருடமய்யா அது!

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்த மூக்குக் கண்ணாடிப் பெரியவர் மாத்திரையைக் கொடுப்பதற்குமுன், "சளிக்கு கிளாரித்ரோமைசின் ஏதாவது சாப்பிடுகிறீர்களா? கிட்னி நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டார். அந்த ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்தால் கோல்சிசின் உடம்பைவிட்டு வெளியேறாமல் தேங்கி விஷமாகிவிடும். கிட்னி பழுதென்றாலும் அதே கதை. நூற்று அறுபது ரூபாய் அவருக்காகத்தான் கொடுத்தேன் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இப்போது அப்பா. இரண்டு வருடத்துக்குமுன் அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்தது பழைய ஆட்களுக்குத் தெரியும், அந்த நாட்களில் மூன்று வாரம் வீடியோ வரவில்லை. நான் மாத்திரை விழுங்குவதைப் பார்த்துவிட்டு, "இது இதயத்துக்கும் கொடுக்கிறார்களாமே, நானும் போடட்டுமா?" என்றார். பேரன் போனில் படித்துக் காட்டியிருக்கிறான். நான் சிரித்தேன். மறுநாள் டாக்டரிடம் கேட்டால் அவர் சிரிக்கவில்லை.

ரத்தக் குழாயின் சுவரில் கொழுப்பு சும்மா அடைத்துக்கொண்டு கிடக்கவில்லையாம். அங்கேயும் கொலஸ்ட்ரால் படிகமாகிறது, அங்கேயும் வெள்ளை அணு விழுங்கப் பார்க்கிறது, அதே இன்டர்லூக்கின்-1 பீட்டா. என் விரலில் நடந்த அடிதடி சத்தமில்லாமல் அப்பாவின் நெஞ்சுக்குள். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு சிந்தனையே ஓடவில்லை. 2019-இல் கோல்காட் என்ற ஆய்வு, ஹார்ட் அட்டாக் வந்து ஒரு மாதத்துக்குள் இருந்த 4,745 பேர். தினம் அரை மில்லிகிராம் சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம் பேருக்கு மறுபடி பெரிய தொந்தரவு, வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 7.1. அடுத்த வருடம் இன்னொரு ஆய்வும் நல்லபடியாக வந்தது. 2023 ஜூனில் அமெரிக்காவில் இதயத்துக்கென்றே அனுமதி. நான் கைதட்டப் போகும்போது டாக்டர் கையைக் காட்டினார்: 2024-இல் கிளியர் என்று ஒன்று, 7,062 பேர், முந்தையதைவிடப் பெரிது. கோல்சிசின் சாப்பிட்டவர்களில் 9.1 சதவீதம், வெற்று மாத்திரையில் 9.3. அதாவது வித்தியாசமே இல்லை. எந்த ஆளுக்கு, எப்போது கொடுத்தால் பலன் என்று இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். அப்பாவுக்கு இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அப்பாவுக்கு முகம் வாடிவிட்டது, நாற்பத்தி மூன்று ரூபாயில் காரியம் முடியும் என்று நினைத்திருப்பார்.

இதைவிட எனக்குப் பிடித்தது கான்டோஸ் என்ற ஆய்வு. 2017. மாரடைப்பு வந்தவர்கள் பத்தாயிரத்துக்கும் மேல். மாத்திரை இல்லை, அந்த இன்டர்லூக்கின்-1 பீட்டாவை மட்டும் குறிவைத்துப் பிடிக்கிற ஊசி, கானகினுமாப், விலையைக் கேட்டால் மாரடைப்பு வரும். அந்த ஊசியை நடுத்தர அளவில் போட்டவர்களுக்கு இதயத் தொந்தரவு 15 சதவீதம் குறைந்தது. கூடவே யாரும் எதிர்பார்க்காத ஒன்று, ஊசி போட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோயும் குறைவாக வந்தது! கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஆனால் தொற்றில் இறந்தவர்களும் அந்தப் பக்கம்தான் அதிகம். பிறகு, வந்துவிட்ட நுரையீரல் புற்றுநோய்க்கே அந்த ஊசியைக் கொடுத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. அடுப்பை மூட்டவிடாமல் தடுப்பது வேறு, பற்றி எரிகிற கூரையை அணைப்பது வேறு போல.

புற்றுநோய் என்றதும் ஒரு சந்தேகம் வரும், எனக்கும் வந்தது. செல் இரண்டாகப் பிரிவதற்கும் அதே டியூபுலின் பந்தல்தானே வேண்டும், கோல்சிசினையே புற்றுநோய்க்குக் கொடுத்தால் என்ன? பந்தல் சரிகிறது, செல் பாதியில் நிற்கிறது, உண்மைதான். மனிதனுக்கு 46 குரோமோசோம் என்று 1956-இல் சரியாக எண்ணியதே செல்களை இதே கோல்சிசினால் நிறுத்திவைத்துத்தான், அதுவரை 48 என்று நினைத்திருந்தார்கள். விதையில்லாத தர்பூசணிக்கும் ஆரம்பம் இதுதான், சுவை கிடையாது, எனக்குப் பிடிக்காது. ஆனால் புற்றைக் கொல்கிற அளவுக்குக் கொடுத்தால் ஆளையும் சேர்த்துக் கொல்லும். அந்த வேலைக்கு வேறு செடி கிடைத்தது. திரும்பிப் பாருங்கள், இதோ, கேமராவைத் திருப்புகிறேன்... அந்த மணல் மேட்டில் ரோஸ் கலரில், தெரிகிறதா? நித்தியகல்யாணி. சுடுகாட்டு மல்லி என்று பாட்டி வீட்டுக்குள் விடமாட்டாள். கனடாவில் நோபிள், பியர் என்று இரண்டு பேர் இதன் இலையைச் சர்க்கரை நோய்க்கு மருந்தாகுமா என்று எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை குறையவில்லை, வெள்ளை அணு குறைந்தது. 1958-இல் அதிலிருந்து வின்பிளாஸ்டின், புற்றுநோய் மருந்து. பின்னாலேயே வின்கிறிஸ்டின், குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றைக்கும் போடுகிற ஊசி. அதுவும் டியூபுலினைத்தான் பிடிக்கிறது. இதையும் யாராவது அரைத்துக் குடிக்கக் கிளம்பாதீர்கள், அந்தக் கமெண்டையும் நீக்குவேன்.

வெளிச்சம் போகிறது, கொசுவும் வந்துவிட்டது. நண்டு வீடியோவின் இரண்டாம் பாகம் எப்போது என்று கேட்டவர்களுக்கு: யூரிக் ஆசிட் 9.2, டாக்டர் ரிப்போர்ட்டில் வட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார். வீட்டில் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள்.