விடியும் நேரத்தில் ஒரு மரணம், நேரலையில்

[காட்சி: ரோம். திபேர் ஆற்றங்கரையில் வட்டமான பழைய கோட்டை. வானம் இன்னும் முழுசா வெளுக்கல.]

1992 ஜூலை 12, விடியற்காலை. சாந்த் ஆஞ்செலோ கோட்டையோட உச்சியில ஒரு ஓவியன் சாவுக்காகக் காத்திருக்கான். ஓவியனா நடிச்சுப் பாடுறவர் பிளாசிடோ டொமிங்கோ. பின்னாடி தெரியுற வானம் வரைஞ்சு மாட்டின திரை இல்ல. நிஜமாவே பொழுது விடியுது. 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இது டிவியில நேரலையா போகுது.

இது இத்தாலிய இசையமைப்பாளர் புச்சீனியோட 'தோஸ்கா' ஓப்பரா, அதாவது பாட்டாவே நடக்குற நாடகம். ரோம்லயே 1900-ல அரங்கேறினது. கதை 1800 ஜூன்ல நடக்குது. நண்பகல்ல ஒரு சர்ச்சுல தொடங்கி, ராத்திரி ஃபர்னேசே அரண்மனைக்குப் போய், மறுநாள் விடியும்போது இந்தக் கோட்டையில முடிஞ்சிடும். மூணு இடமும் இன்னைக்கும் ரோம்ல இருக்கு. அப்புறம் மேடை எதுக்கு? கதை நடக்குற இடத்துலயே, அது நடக்குற நேரத்துலயே பாட வெச்சிடலாம்னு தயாரிப்பாளர் ஆந்த்ரேயா ஆந்தர்மான் இறங்கிட்டார்.

[காட்சி: ஒரு பக்கம் சர்ச், மறுபக்கம் ஆர்கெஸ்ட்ரா.]

பெரிய சிக்கல் ஆர்கெஸ்ட்ராதான். அத்தனை பேரையும் கோட்டை மாடியில உட்கார வைக்க முடியாது. அதனால மும்பையில பிறந்த ஜூபின் மேத்தா, நகரத்தோட இன்னொரு பக்கத்துல இருந்து ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். பாடுறவங்க, கேமரா கண்ணுல படாம வெச்ச டிவி திரைகள்ல அவர் கையைப் பார்த்துப் பாடினாங்க. கச்சேரி கேட்டுப் பழகினவங்களுக்கு இதோட கஷ்டம் சட்டுனு புரியும். பாட்டு ஒரு இடத்துல, பக்கவாத்தியம் இன்னொரு இடத்துல. தாளம் ஒரு நொடி நழுவினாலும் உலகமே கேட்டுடும்.

துல்லியம்னு பார்த்தா ஸ்டூடியோ பதிவுகள் இதைவிட நல்லாவே இருக்கும். ஆனா எனக்கு அந்த மூணாவது அங்கம் போதும். அதை எழுதுறதுக்கு முன்னாடி புச்சீனி ஒரு அதிகாலையில இதே கோட்டைக்கு வந்து, சுத்தியிருக்குற சர்ச் மணிகளைக் கேட்டுட்டுப் போனார். எங்கேயோ தூரத்துல ஒண்ணு, பக்கத்துல ஒண்ணுன்னு அந்த மணிகளை அப்படியே இசைக்குள்ள கொண்டுவந்தார். அந்த இசை, பிறந்த இடத்துக்கே திரும்பி வந்த மாதிரி இருக்கு.

[காட்சி: துப்பாக்கியோட வரிசையா நிக்குற வீரர்கள்.]

போலித் தோட்டாதான், சுடும்போது விழுந்து கிடந்தா போதும்னு கதாநாயகி தோஸ்கா, தன்னோட காதலனான அந்த ஓவியன்கிட்ட சொல்லிவெச்சிருக்கா. போலீஸ் தலைவன் ஸ்கார்பியா அவளுக்குக் கொடுத்த வாக்கு அது. அவனை அவ கத்தியால குத்திக் கொன்னுட்டுத்தான் இங்க வந்திருக்கா. சுடுறாங்க. ஓவியன் விழுறான். 'இன்னும் அசையாதே'ங்கிறா. வீரர்கள் இறங்கிப் போனதும் 'எழுந்திரு'ங்கிறா.

அவன் எழுந்திருக்கல.

கீழேயிருந்து ஆட்கள் ஓடிவர்ற சத்தம். தோஸ்காவா பாடுற கேத்தரின் மால்ஃபிட்டானோ மதில் மேல ஏறுறாங்க. குதிக்கிறாங்க. ரோம்ல நல்லா வெளிச்சம் வந்திருந்தது.