கொலம்பஸ் அவென்யூவில் ஒரு புத்தகக் கடை

நேயர்களுக்கு வணக்கம்.

சான் பிரான்சிஸ்கோவுக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் கோல்டன் கேட் பாலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கவிதையில் பற்றுள்ளவர்கள் நார்த் பீச் பகுதிக்கும் ஒரு நடை போய்வர வேண்டும். 1950களில் அமெரிக்கக் கவிதையை உலுக்கியெடுத்த பீட் கவிஞர்கள் நடமாடிய இடம் அது.

கொலம்பஸ் அவென்யூ, 261ஆம் எண். அதுதான் சிட்டி லைட்ஸ் புத்தகக் கடை. கவிஞர் லாரன்ஸ் பெர்லிங்கெட்டியும் பீட்டர் மார்ட்டினும் 1953இல் தொடங்கியது. கெட்டி அட்டை நூல்களுக்கே மதிப்பு இருந்த காலத்தில், மலிவுப் பதிப்புகளை மட்டுமே விற்கத் துணிந்த கடை.

1955 அக்டோபர் 7 இரவு, ஃபில்மோர் தெருவின் சிக்ஸ் கேலரியில் பீட் கவிஞர் ஆலன் கின்ஸ்பெர்க் தமது 'ஹௌல்' கவிதையை முதன்முதலாக மேடையில் வாசித்தார். அந்தக் கேலரி இன்று இல்லை. ஆனால், கவிதையை 1956இல் கையடக்க நூலாக வெளியிட்ட சிட்டி லைட்ஸ் கடை இருக்கிறது. விலை 75 சென்ட். மறு ஆண்டு ஜூன் மாதம் சாதாரண உடையில் வந்த போலீசார் ஒரு பிரதியை விலைகொடுத்து வாங்கினார்கள். பிறகு, அதை விற்ற கடை ஊழியர் ஷிக் முராவோவை ஆபாச நூல் விற்றதாகக் கைதுசெய்தார்கள்.

கவிஞர்களின் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். நான் இந்த முராவோவைப் பற்றியே சொல்ல விரும்புகிறேன். இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக, அமெரிக்க அரசு அவரை இளம் வயதிலேயே முகாமில் அடைத்து வைத்தது. அதே மனிதரை ஒரு கவிதை நூலுக்காக மறுபடியும் விலங்கு தேடி வந்தது. பெர்லிங்கெட்டி மீதும் வழக்குத் தொடுத்தார்கள். அக்டோபரில் நீதிபதி கிளேட்டன் ஹார்ன், இது ஆபாச நூல் அல்ல என்று தீர்ப்பளித்தார். எழுதியவருக்கு நிகரான துணிவு அதை அச்சிட்டவருக்கும் விற்றவருக்கும் இருந்தது. அதனால்தான் அந்தக் கடையை நான் ஒரு நினைவுச்சின்னமாக மதிக்கிறேன்.

கடையை ஒட்டிய சந்துக்கு பீட் எழுத்தாளர் ஜாக் கெரவாக்கின் பெயரை வைத்திருக்கிறார்கள். நடைபாதையில் கவிதை வரிகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. குனிந்து படித்துக்கொண்டே நடக்கலாம். சந்தின் மறுபுறம் வெசூவியோ. 1948இல் திறந்த மதுக்கூடம்; கெரவாக் குடித்த இடம் என்று கூட்டம் சேருகிறது. அங்கே அதிக நேரம் செலவிட வேண்டாம். கடையின் மாடிக்கு ஏறுங்கள். கவிதை நூல்களுக்கென்றே ஓர் அறை. அதில் ஒரு சாய்ந்தாடும் நாற்காலி. உட்கார்ந்து படித்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள். இறங்கும்போது, கறுப்பு வெள்ளை அட்டையில் இன்றும் விற்கிற 'ஹௌல்' ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வணக்கம்.